சத்திரசிகிச்சைப் பயிற்சியும் மெய்ந்நிகர்க் கருவியும்: கொடகவெலத் தோட்டப்புறம் நோக்கிய ஒரு வரலாற்றாய்வு

சத்திரசிகிச்சை அடிப்படையில் ஒரு கைவினையாகும். தச்சனின் கையும் பொற்கொல்லனின் கையும் எவ்வாறு இடையறாப் பழக்கத்தினால் தேர்ச்சி பெறுகின்றனவோ, அவ்வாறே சத்திரசிகிச்சை வைத்தியனின் கையும் பழக்கத்தினாலேயே தேர்ச்சி பெறுகின்றது. ஆயின் தச்சன் பழகும்போது கெடுவது மரம். வைத்தியன் பழகும்போது கெடக்கூடியது மனித உடல். கற்பவன் பிழை செய்தே கற்பான் என்பது எல்லாக் கைவினைக்கும் பொதுவான நியதியாதலின், அவனது முதற்பிழைகளை எந்த உடல் தாங்குவது என்ற வினா வைத்தியக் கல்வியின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வந்துள்ளது. இவ்வினாவுக்கு ஒவ்வொரு காலத்துச் சமுதாயமும் தன் அமைப்புக்கு ஏற்ப விடை கண்டுள்ளது. அவ்விடைகளை வரிசைப்படுத்தி நோக்குவதும், இன்று பெரிதும் பேசப்படும் மெய்ந்நிகர்ப் பயிற்சிக் கருவிகளை அவ்வரிசையில் வைத்து மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்ந்நிகர் என நாம் இங்குக் குறிப்பது, கண்ணை மூடிய தலைக்கவசத்தினூடாகவோ திரையினூடாகவோ கணினி காட்டும் உடலில், கைப்பிடிகளைக் கொண்டு சத்திரசிகிச்சை செய்து பழகும் முறையை ஆகும். மிகைமெய் என்பது அதனின்று சற்று வேறுபட்டது. அங்கு வைத்தியர் மெய்யான நோயாளியையே காண்கின்றார். அவர் அணிந்த கண்ணாடியில் எலும்பு, நரம்பு, குருதிக்குழாய் ஆகியவற்றின் கணினிப் படம் அவ்வுடலின்மேல் படிந்து தோன்றுகின்றது.

இவ்வாய்வுக்கு உரைகல்லாக நாம் கொள்வது சப்பிரகமுவ மாகாணத்தின் கொடகவெலப் பகுதியை. பெல்மதுளையிலிருந்து கஹவத்தை வழியாக எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்த சிற்றூர் அது. அதனையும் அயலிலுள்ள இறக்குவானையையும் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் மலையகத் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றனர். அங்கு மெய்ந்நிகர்ப் பயிற்சிக்கூடம் இருப்பதாக நாம் கூற வரவில்லை. ஒரு புதிய கருவியின் சமூகப் பெறுமதி, அது பிறந்த நகரத்தில் அன்றி, அதன் பயன் கடைசியாகச் சென்றடையும் இடத்திலேயே சரியாக அளக்கப்படும் என்ற கருத்தினாலேயே இவ்விடத்தைத் தெரிந்துகொண்டோம்.

1. சுரைக்காயும் துணிப்பொம்மையும்

உயிருள்ள உடலைத் தொடுமுன் போலிப்பொருளில் பழகுதல் புதிய எண்ணமன்று. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்தில், மாணாக்கனுக்குச் செய்முறைத் தகுதியை உண்டாக்குதல் பற்றிய தனி அத்தியாயமே உண்டு. பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் வெட்டுதலைப் பழக வேண்டும். நீர் நிறைந்த தோற்பைகளில் பிளத்தலையும், மயிருள்ள தோலில் சுரண்டுதலையும், தாமரைத் தண்டிலும் இறந்த விலங்கின் நாளங்களிலும் குருதி வாங்குதலையும், புழு அரித்த மரத்தில் துழாவுதலையும், துணியிலும் மென்றோலிலும் தைத்தலையும் பழக வேண்டும் என அது விதிக்கின்றது. கட்டுக் கட்டும் பயிற்சிக்கு மனித உருவில் செய்த துணிப்பொம்மையைக் குறிப்பிடுகின்றது. நூல்களை முற்றக் கற்றவனாயினும் செய்முறையிற் பழகாதவன் தொழிலுக்குத் தகுதியற்றவன் என்பது அவ்வத்தியாயத்தின் துணிபாகும். சங்கிதையின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் ஒவ்வொரு செயலுக்கும் அதன் தன்மைக்கேற்ற போலிப்பொருளைத் தேர்ந்த அந்நுண்ணறிவு, இன்றைய கருவி அமைப்போனின் அறிவோடு ஒப்பிடத்தக்கது.

மற்றோர் எடுத்துக்காட்டைப் பிரான்சு நாட்டில் காண்கின்றோம். பதினெட்டாம் நூற்றாண்டில் பேற்று மருத்துவிச்சியாக விளங்கிய மதாம் து கூத்ரே துணி, தோல், பஞ்சு முதலியவற்றால் பெண்ணின் இடுப்புப் பகுதியையும் சிசுவையும் உருவாக்கினார். 1759ஆம் ஆண்டு பதினைந்தாம் லூயி மன்னனின் ஆணையைப் பெற்று, அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் நாட்டுப்புறங்களில் ஊர் ஊராகச் சென்று ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பயிற்றினார். எழுத்தறிவில்லாத பெண்களும் அப்பொம்மையைத் தொட்டுப் பார்த்தே சிசுவின் நிலையை அறியக் கற்றனர். இங்கு இரண்டு செய்திகள் நம் கவனத்துக்குரியன. முதலாவது, பயிற்சிக் கருவி நாட்டுப்புறத்தை நோக்கிச் சென்றமை. இரண்டாவது, அதற்கு அரசு பொறுப்பேற்றமை. இவ்விரண்டையும் கட்டுரையின் இறுதியில் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

2. பிணமும் வறுமையும்

காயும் பொம்மையும் கைப்பழக்கத்தைத் தரும். உடலின் உள்ளமைப்பைத் தரா. அதற்குப் பிணம் வேண்டியிருந்தது. சுசுருத சங்கிதை பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூட்டிலிட்டு ஓடும் நீரில் ஏழு இரவு வைத்து, பின் தூரிகையால் மெல்லத் தேய்த்து அடுக்கடுக்காக ஆராயுமாறு கூறுகின்றது. இவ்வழக்கம் பிற்காலத்தில் நம் நாடுகளில் அருகிப் போயிற்று. தீட்டு, சாதி ஆகிய கருத்துக்கள் இறுகியமை அதற்கு ஒரு காரணம் எனலாம். 1836ஆம் ஆண்டு கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தர் பிணப் பரிசோதனையில் ஈடுபட்டமை பெரும் புரட்சியாகக் கருதப்பட்டது என்பதிலிருந்து அவ்விறுக்கத்தின் அளவை உணரலாம்.

ஐரோப்பாவில் பிணம் எங்கிருந்து வந்தது என்ற வினா சட்டத்தின் வரலாறாகவே விரிகின்றது. 1752இல் நடைமுறைக்கு வந்த ஆங்கிலேயச் சட்டம் ஒன்று, கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டோரின் உடல்களைச் சத்திரசிகிச்சையாளரிடம் ஒப்படைக்க வழிசெய்தது. உடற்கூற்றியற் பாடசாலைகள் பெருகியபோது அவ்வுடல்கள் போதவில்லை. புதைகுழிகள் தோண்டப்பட்டன. 1828இல் எடின்பரோ நகரில் பர்க், ஹெயர் என்ற இருவர் பதினாறு பேரைக் கொன்று உடல்களை உடற்கூற்றியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றமை வெளிவந்தது. அதன் விளைவாக எழுந்த 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியற் சட்டம், ஏழையர் விடுதிகளிலும் வைத்தியசாலைகளிலும் உரிமை கோருவாரின்றி இறப்போரின் உடல்களைப் பாடசாலைகளுக்கு வழங்கியது. கொலையாளிக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டிருந்தது இச்சட்டத்தினால் வறியவனுக்கு விதியாயிற்று. வைத்திய விஞ்ஞானத்தின் வளர்ச்சிக்கு உழைக்கும் மக்கள் கொடுத்த விலையை அதன் வரலாற்றை எழுதியோர் நெடுங்காலம் கணக்கிடவில்லை.

இலங்கையில் இவ்வரலாறு சற்று வேறு திசையில் சென்றமை மகிழ்ச்சிக்குரியது. தானத்தைப் பாரமிதையாகக் கொள்ளும் பௌத்த மரபின் செல்வாக்கால், இறந்தபின் உடலையும் கண்ணையும் வழங்கும் வழக்கம் இங்கு வேரூன்றியது. ஹட்சன் சில்வா அவர்களின் முயற்சியால் 1961இல் உருவான இலங்கைக் கண்தானச் சங்கம் உலகின் பல நாடுகளுக்குக் கண்களை அனுப்பியுள்ளது. மருத்துவ பீடங்களுக்கு விரும்பித் தம் உடலை எழுதிக்கொடுப்போரும் உளர். வலிந்து எடுக்கப்பட்ட உடலுக்கும் விரும்பி அளிக்கப்பட்ட உடலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, நாம் கீழே ஆராயவுள்ள கருவியைப் பொறுத்தவரையிலும் முதன்மையானது.

3. மானிப்பாயும் கொழும்பும்

மேலைத்தேய சத்திரசிகிச்சையைத் தமிழில் கற்பிக்க முடியுமா என்ற ஐயம் இன்றும் எழுப்பப்படுகின்றது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் பணி தொடங்கிய அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவ்வையத்துக்குச் செயலால் விடையளித்தவர். ஆங்கிலத்தில் நடந்துவந்த தம் வைத்திய வகுப்பை 1864 முதல் அவர் தமிழில் நடத்தினார். 1873இல் தாயகம் திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரைப் பயிற்றினார். துருவித்தின் சத்திரசிகிச்சை நூல் 1867இல் 'இரண வைத்தியம்' என வெளிவந்தது. கிறேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனத் தமிழாயிற்று. இப்பணியில் சாப்மன், டான்வோர்த் முதலிய அவரது தமிழ் மாணாக்கரின் பங்கு பெரிது. ஆங்கிலம் கற்ற வைத்தியன் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டு நீங்குவான். தமிழில் கற்றவன் தன் மக்களிடையே தங்குவான் என்பது கிறீனின் எண்ணமாக இருந்தது. மதப்பணி அவரது முதல் நோக்கமாக இருந்தமை உண்மையே. ஆயினும் பயிற்சியின் மொழிக்கும் வைத்தியன் சென்றடையும் இடத்துக்கும் தொடர்புண்டு என அவர் கண்டது, அந்நோக்கத்துக்கு அப்பாலும் பெறுமதியுடைய ஒரு சமூக உண்மையாகும்.

கொழும்பு வைத்தியப் பாடசாலை 1870இல் நிறுவப்பட்டது. வன்னிப் பகுதியில் நோயால் மக்கள் அருகி வருவதை ஆராய்ந்து அறிக்கையிட்ட ஜேம்ஸ் லூஸ் அதன் முதல் அதிபரானார். நோய்மிக்க நாட்டுப்புறத்தின் துயரே அப்பாடசாலையின் தோற்றத்துக்குக் காரணமாயிற்று. ஆயின் அதன் மொழி ஆங்கிலமாகவும், அதில் கற்றோர் பெரும்பாலும் நகர மத்தியதர வர்க்கத்தினராகவும் அமைந்தனர். கிறீன் சென்றபின் அவர் தொடங்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வி நிலைபெறவில்லை. நூல்கள் எஞ்சின, வகுப்பு எஞ்சவில்லை.

4. தோட்டத்து ஆசுபத்திரி

கொழும்பில் வைத்தியப் பாடசாலை தொடங்கி இரண்டு ஆண்டுகளில், 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர் வாந்திபேதி, வயிற்றுளைவு, காய்ச்சல் ஆகியவற்றால் மாண்ட நிலை, காலனி அரசையும் தோட்டத் துரைமாரையும் ஏதேனும் செய்யும்படி கட்டாயப்படுத்தியது. இச்சட்டமும் 1912இல் அதற்குப் பதிலாக வந்த சட்டங்களும் தோட்டங்களுக்கென ஒரு தனி வைத்திய ஏற்பாட்டைத் தோற்றுவித்தன. நாட்டின் ஏனைய மக்களுக்கான பொதுச் சுகாதார அமைப்பினின்று அது வேறாகவே வளர்ந்தது. அதன் நடுவில் நின்றவர் 'டிஸ்பென்சர்' எனப்பட்ட மருந்தாளர். பிற்காலத்தில் தோட்ட வைத்திய உதவியாளர். லயத்து மக்கள் அவரை 'டாக்டர் ஐயா' என்றே அழைத்தனர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும், தையலிடுவதும், பிரசவத்துக்குத் துணை நிற்பதும், வேலைக்குத் தகுதியுண்டா இல்லையா எனச் சீட்டு எழுதுவதும் அவர் கையில் இருந்தன. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது நிர்வாகத்தின் பணி என்பதைத் தொழிலாளர் நன்கு அறிந்திருந்தனர்.

சத்திரசிகிச்சை தேவைப்பட்டவர் தோட்டத்து லொறியில் ஏற்றப்பட்டு நகரத்துக்குச் சென்றார். கவ்வாத்துக் கத்தியால் விளைந்த ஆழ்வெட்டு, சரிவில் வழுக்கி விழுந்த எலும்பு முறிவு, தடைப்பட்ட பிரசவம், இரத்தினக்கல் அகழும் குழியில் மண் சரிந்த விபத்து ஆகியன இம்மாவட்டத்துத் தொழில்களோடு ஒட்டியவை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கிட்டது. 1981இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்கள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. தோட்டங்கள் 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றபோதும், தோட்டத்து ஆசுபத்திரி அடிப்படையில் மாறவில்லை. 1990கள் முதல் அரசு அவற்றுட் சிலவற்றைப் பொறுப்பேற்று வருகின்றது. அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.

இவ்வரலாற்றில் ஒரு பகுதி சிறப்பாக நோக்கத்தக்கது. 1980களில் அரசு நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்குப் பணக் கொடுப்பனவு வழங்கியது. தோட்டத்துறையில் இச்சிகிச்சைக்கு உட்பட்ட பெண்களின் விகிதம் நகர, கிராமத் துறைகளை விட உயர்ந்திருந்ததைத் தேசிய அளவீடுகள் காட்டின. விளக்கம் அளிக்கப்பட்டதா, அது பெண்ணுக்குப் புரியும் மொழியில் அமைந்ததா, சம்மதம் உண்மையில் சம்மதமா என்ற வினாக்களை ஆய்வாளரும் பெண்கள் அமைப்புகளும் எழுப்பினர். ஏனைய சத்திரசிகிச்சைகளுக்காக நெடுந்தொலைவு செல்லவேண்டியிருந்த தோட்டத்துப் பெண்ணிடம், இந்த ஒரு சத்திரசிகிச்சை மட்டும் தானே தேடிவந்தது. அதைச் செய்தவரின் கை தேர்ச்சியற்றது எனக் கூறுவாரில்லை. ஆகவே கைத்தேர்ச்சி ஒன்றே நல்ல சத்திரசிகிச்சை ஆகிவிடாது என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று பகர்கின்றது.

5. துளைவழிச் சிகிச்சையும் மெய்ந்நிகரின் தோற்றமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வில்லியம் ஹால்ஸ்ரெட் வகுத்த பயிற்சிமுறை, இருபதாம் நூற்றாண்டு முழுவதும் உலகெங்கும் கோலோச்சியது. மாணாக்கன் வைத்தியசாலையிலேயே தங்கி, மூத்தவரைப் பார்த்து, படிப்படியாகத் தானும் செய்து கற்பான். பார், செய், கற்பி என்பது அதன் சுருக்கம். இம்முறையின் கீழ் முதற்பிழையைத் தாங்கியவர் பெரும்பாலும் இலவச விடுதி நோயாளி என்பது வெளிப்படை.

1980களில் இம்முறையை இரு காரணங்கள் அசைத்தன. முதலாவது தொழில்நுட்பக் காரணம். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூகேயும் 1987இல் பிரான்சில் பிலிப் மூரேயும் வயிற்றைக் கீறாது சிறு துளைகளின் வழியே குழற்கருவிகளைச் செலுத்திப் பித்தப்பையை அகற்றினர். நோயாளிக்கு வலி குறைந்தது. வீடு திரும்பும் நாளும் நெருங்கியது. ஆனால் வைத்தியரின் கை உடலினின்று விலகிற்று. அவர் பார்ப்பது தட்டையான திரையை, ஆழம் தெரிவதில்லை. துளை ஒரு நெம்புகோலின் தானமாக அமைவதால் கை இடம் சென்றால் கருவி முனை வலம் செல்லும். தொடுவுணர்வும் மிகக் குறையும். இப்புதிய கைப்பழக்கத்தை மூத்த வைத்தியரும் புதிதாகவே கற்க வேண்டியிருந்தது. அம்முறை விரைந்து பரவிய தொடக்க ஆண்டுகளில் பித்தநாளக் காயங்கள் அதிகரித்தன. இரண்டாவது தொழிற் காரணம். களைத்த இளம் வைத்தியரின் கையில் நோயாளி பாதுகாப்பாக இல்லை என்ற கருத்து வலுப்பெற்று, நியூயோர்க் மாநிலம் 1989இல் அவர்களது வேலைநேரத்தை வாரத்துக்கு எண்பது மணித்தியாலத்துக்குள் வரையறுத்தது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் கற்கும் நேரம் இதனால் சுருங்கியது.

இவ்விடத்தில் வானூர்தித் துறையின் முன்மாதிரி துணைக்கு வந்தது. எட்வின் லிங்க் 1929இல் அமைத்த நிலத்திலிருந்தே பறக்கப் பழகும் பொறி, 1934இல் தபால் விமான விபத்துக்களின் பின் அமெரிக்க இராணுவத்தால் ஏற்கப்பட்டது. ஐவன் சதர்லாந்து 1968இல் கணினிப் படத்தைக் கண்முன் நிறுத்தும் தலைக்கருவியைச் செய்துகாட்டினார். இவ்விரு மரபுகளும் 1990களின் தொடக்கத்தில் சத்திரசிகிச்சையில் இணைந்தன. அதற்கு ஊக்கமளித்தோருள் ரிச்சர்ட் சற்றாவா குறிப்பிடத்தக்கவர். அவரது பணிக்கு அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆதரவு இருந்தது. போர்க்களத் தேவையும் மருத்துவக் கருவியும் ஒரே பட்டறையில் உருவாவது வரலாற்றில் புதிதன்று.

இக்கருவி பயன் தருமா என்பதற்குத் தெளிவான சான்று 2002இல் வெளியாயிற்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்றுவந்த பதினாறு வைத்தியரை இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் மெய்ந்நிகர்க் கருவியில் குறித்த தேர்ச்சியை எட்டும்வரை பழகினர். மற்றக் குழுவினர் வழமையான முறையில் மட்டும் கற்றனர். பின்னர் இரு குழுவினரும் மெய்யான நோயாளிகளின் பித்தப்பையைப் பிரித்தெடுத்தபோது, அவரவர் எக்குழுவைச் சார்ந்தவர் என அறியாதோர் ஒளிப்பதிவைக் கொண்டு மதிப்பிட்டனர். கருவியிற் பழகியோர் அப்பணியை 29 வீதம் விரைவாகச் செய்தனர். பிழைகள் ஆறு மடங்கு குறைந்திருந்தன. பழகாதோர் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு இழையத்தைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பிருந்தது. எண்ணிக்கை சிறிது, எனினும் இயந்திரத்தில் பெற்ற பழக்கம் நோயாளியின் உடலில் பயன் தரும் என்பதை இவ்வாய்வு நிறுவியது. மிகைமெய் முறை சற்றுப் பின்னரே நோயாளியை அடைந்தது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜோன்ஸ் ஹொப்கின்சில் முதுகெலும்பில் திருகாணி பொருத்தும் சிகிச்சையின்போது வைத்தியர் அணிந்த கண்ணாடியில் எலும்பின் படம் உடலின்மேல் படியவைக்கப்பட்டது.

6. கருவிக்குள் இருக்கும் உடல்

மெய்ந்நிகர் உடல் யாருடைய உடலும் அன்று என எண்ணுதல் இயல்பு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. கணினியில் மனித உடலை முழுமையாக உருவாக்குவதற்கு மூலமாக அமைந்த திட்டங்களுள் தலையாயது, அமெரிக்கத் தேசிய வைத்திய நூலகம் 1994இல் வெளியிட்ட 'காணத்தகு மனிதன்' என்னும் தொகுப்பு. அவ்வுடலை உறையவைத்து, ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் தலைமுதல் கால்வரை சீவி, 1871 படங்கள் எடுத்தனர். உலகின் பல பயிற்சிக் கருவிகளும் உடற்கூற்று மென்பொருள்களும் அப்படங்களிலிருந்து பிறந்தன. அவ்வுடல் டெக்சாஸ் மாநிலத்தில் 1993இல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கைதியினுடையது. விஞ்ஞானத்துக்கு உடலை வழங்க அவர் கையெழுத்திட்டிருந்தார் என்பது உண்மை. மரணத்தை எதிர்நோக்கிச் சிறையில் இருப்பவனின் கையெழுத்து எவ்வளவு சுதந்திரமானது என்ற விவாதம் அப்போதே எழுந்தது.

தூக்கிலிடப்பட்டவனின் உடலை வைத்தியரிடம் ஒப்படைத்த 1752ஆம் ஆண்டின் சட்டத்துக்கும் இதற்கும் இடையே இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழிந்துள்ளன. கத்தி போய்க் கணினி வந்தது. உடல் வந்த வாயில் மாறவில்லை. எனவே மெய்ந்நிகர்க் கருவி முதற்பிழையின் வினாவை முற்றாகத் தீர்த்துவிட்டது எனக் கூறுவது மிகையாகும். ஓர் உடலிலிருந்து எடுத்த படத்தில் எண்ணற்ற மாணாக்கர் எண்ணற்ற முறை பிழை செய்யலாம் என்பதே அதன் மெய்யான சாதனை. அது சிறிய சாதனையன்று. பின்னர்க் கொரியாவிலும் சீனாவிலும் அந்நாட்டவரின் உடல்களைக் கொண்டு இத்தகைய தொகுப்புக்கள் ஆக்கப்பட்டன. விரும்பி உடல் வழங்கும் மரபுடைய நம் நாடு இத்துறையில் நெறிமிக்க ஒரு தொகுப்பை உருவாக்கத் தகுதியுடையது எனக் கருதுகின்றோம்.

7. மதுரையிலிருந்து ஒரு பாடம்

மெய்ந்நிகர்ப் பயிற்சி வறிய மக்களின் நோயை நோக்கித் திரும்பிய இடம் கண் வைத்தியம். அதன் பின்னணியை விளங்க மதுரையை நோக்க வேண்டும். கோவிந்தப்ப வேங்கடசாமி இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையில், தமக்கேற்ற கருவிகளை அமைத்து, விடாப்பழக்கத்தால் கண் சத்திரசிகிச்சை செய்யக் கற்றார். தம் வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளைச் செய்தார். அரச சேவையினின்று ஓய்வுபெற்றபின் 1976இல் பதினொரு படுக்கைகளுடன் அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரைச் சிகிச்சையை வறியவர்க்குப் பெருமளவில் வழங்கும் முறையை வகுத்தது. 1992இல் அதன் சார்பில் அமைந்த ஔரோலாப் உள்விழி வில்லைகளைக் குறைந்த விலையில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. விலைமிக்க யந்திரம் வேண்டாது சிறு கீறலின் வழியே கையாற் கண்புரையை அகற்றும் முறை இந்தியாவிலும் நேபாளத்திலும் செழித்தது.

இக்கைமுறைச் சிகிச்சைக்கென்றே ஒரு மெய்ந்நிகர்க் கருவியைப் பின்னர் 'கெல்ப் மீ சீ' என்ற அமைப்பு உருவாக்கியது. அதனை 2010இல் நிறுவியோருள் ஒருவரான ஆல்பர்ட் யூல்சி, விமானிகளுக்குப் பொறிகளின் வழியே பயிற்சியளிக்கும் நிறுவனத்தை 1951இல் தொடங்கியவர். வானூர்திப் பொறி கண் மருத்துவத்தை வந்தடைந்த பாதை இது. கருவிமுனை விழிவெண்படலத்தை ஊடுருவும்போது உண்டாகும் தடையையும் அது கைக்கு உணர்த்துகின்றது. மும்பை, ஐதராபாத் ஆகிய நகரங்களில் இளம் வைத்தியர் இதில் பயிற்சி பெற்றுள்ளனர்.

மதுரை நமக்குத் தரும் பாடம் எளியது. அங்குச் சிகிச்சைமுறை, வில்லையின் விலை, நோயாளியை ஊரிலிருந்து அழைத்துவரும் ஏற்பாடு ஆகியன முதலில் ஒழுங்காயின. பயிற்சிக் கருவி அவ்வொழுங்கின் தொடர்ச்சியாக வரும்போது பயன் தரும். அவ்வொழுங்கு இல்லாத இடத்தில் கருவி மட்டும் வந்திறங்கினால் அது காட்சிப்பொருளாகும்.

8. கொடகவெலவுக்கு இதனால் யாது பயன்?

இரத்தினபுரியில் இன்று சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் போதனா வைத்தியசாலையும் உள்ளன. எம்பிலிப்பிட்டிய, பலாங்கொடை, கஹவத்தை ஆகிய இடங்களில் அரச வைத்தியசாலைகள் உள்ளன. 2016இல் தொடங்கிப் பின் நாடெங்கும் விரிந்த 'சுவசெரிய' அவசர ஊர்தி, தோட்டத்து லொறியின் இடத்தை ஓரளவு பிடித்துள்ளது. ஆகவே நகரத்து விவகாரமாகத் தோன்றும் பயிற்சிக் கருவி இப்பகுதி மக்களின் உடலோடு நேரடித் தொடர்புடையதாகிவிட்டது. போதனா வைத்தியசாலையில் இளம் வைத்தியர் முதன்முதலாகக் கத்தி பிடிக்கும் உடல்களுள் இத்தோட்டங்களிலிருந்து செல்லும் ஆணும் பெண்ணும் அடங்குவர். அவ்வைத்தியர் முன்னரே பழகி வருவது அவர்களுக்குக் கிட்டும் சலுகையாகக் கருதப்படலாகாது. அது அவர்களது உரிமை.

இக்கருவிகள் செல்வ நாடுகளின் ஆடம்பரம் எனச் சிலர் வாதிப்பர். விலை உயர்ந்தவை என்பதும், பழுதுபார்ப்புக்கும் உரிமத்துக்கும் வெளிநாட்டுக் கம்பனியையே நம்பியிருக்க நேரும் என்பதும் மறுக்கமுடியாதன. 2022இல் அந்நியச் செலாவணி வற்றி அத்தியாவசிய மருந்துகளே தட்டுப்பட்ட நாட்டில் இவ்வாதத்தை எளிதாக ஒதுக்கமுடியாது. ஆயினும் பயிற்சி என்றால் விலைமிக்க தலைக்கவசம் மட்டுமே எனக் கொள்வது தவறு. ஒரு பெட்டி, ஒரு கமரா, இரண்டு குழற்கருவிகள், மணிகள், நூல் ஆகியவற்றைக் கொண்டு துளைவழிச் சிகிச்சையின் அடிப்படை அசைவுகளைப் பழகலாம் என்பது பல நாடுகளில் நிறுவப்பட்டுள்ளது. சுரைக்காயின் தத்துவம் அங்கு மீண்டும் உயிர்பெறுகின்றது. அடிப்படையை எளிய பெட்டியிலும், அரிதும் ஆபத்துமான நிலைகளை மெய்ந்நிகர்க் கருவியிலும் பழகுவது நம் போன்ற நாட்டுக்குப் பொருந்தும் பங்கீடாகும்.

அடுத்தது, பயிற்சி யாருக்கு என்ற வினா. சத்திரசிகிச்சை நிபுணருக்கு மட்டும் அதனை ஒதுக்கினால் கூத்ரேயின் பாடத்தை நாம் மறந்தவராவோம். தோட்டப்புறத்தில் முதலில் காயத்தைக் காண்பவரும் பிரசவத்தை எதிர்கொள்பவரும் வைத்திய உதவியாளரும் குடும்பநல மருத்துவமாதுமே. பிரசவத்தின் பின் பெருகும் குருதியை நிறுத்துதல், தோள் தடைப்பட்ட சிசுவை வெளிக்கொணர்தல், தையலிடுதல் ஆகியவற்றைப் பொம்மையிலும் கருவியிலும் அவர்கள் மீண்டும் மீண்டும் பழக வாய்ப்பிருக்க வேண்டும். அதற்கு அவர்களை நகருக்கு அழைப்பதைவிட, பயிற்சிக் கருவியை ஊர்தியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுசெல்வது தகும்.

மூன்றாவது, மொழி. இக்கருவிகள் பேசும் மொழி ஆங்கிலம். நிபுணருக்கு அது இடையூறாகாதிருக்கலாம்; மருத்துவமாதுக்கும் தாதிக்கும் இடையூறே. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே உடலின் எலும்பையும் நாளத்தையும் தமிழிற் பெயரிட்டு, சத்திரசிகிச்சை நூலை அச்சிட்ட மொழிக்கு ஒரு கருவியின் திரையில் இடமில்லை என்பது மொழியின் குறைபாடன்று. கேட்பாரும் செய்வாரும் இல்லாமையே காரணம். இரத்தினபுரி மாவட்டத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சில. அந்நிலை நீடிக்குமளவும் கொடகவெலத் தோட்டத்துப் பிள்ளை இக்கருவியின் முன் பயிற்சியாளராக அமர்வது அரிது. சிகிச்சை மேசையில் நோயாளியாகக் கிடப்பதே அதற்குத் திறந்துள்ள வழியாகும்.

இறுதியாக, எந்தக் கருவியும் இன்று கற்பிக்காத ஒன்றுண்டு. மெய்ந்நிகர் உடல் சம்மதம் கேட்பதில்லை, பயப்படுவதில்லை, 'எனக்கு என்ன செய்யப் போறீங்க ஐயா?' என வினவுவதில்லை. அவ்வினாவுக்கு அவள் மொழியில் விடைகூறக் கற்பதும் சத்திரசிகிச்சைப் பயிற்சியின் ஒரு பகுதியே என்பதை 1980களின் கருத்தடை வரலாறு நமக்கு உணர்த்துகின்றது. பயிற்சித் தேர்வில் கையின் வேகமும் பிழையின் எண்ணிக்கையும் அளக்கப்படுவதுபோல, விளக்கமும் சம்மதமும் அளக்கப்படுதல் வேண்டும்.

முடிவுரை

முதற்பிழையைத் தாங்கும் உடல் எது என்ற வினாவுக்கு வரலாறு சுரைக்காய், துணிப்பொம்மை, தூக்கிலிடப்பட்டவன், ஏழையர் விடுதியில் இறந்தவன், இலவச விடுதி நோயாளி, கணினியில் பதிந்த கைதி எனப் பல விடைகளைத் தந்துள்ளமையை மேலே கண்டோம். மெய்ந்நிகர்க் கருவி இவ்வரிசையில் உண்மையான ஒரு முன்னேற்றம். உயிருள்ள உடலிலிருந்து பிழையை விலக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அந்த ஆற்றலின் பயன் யாரைச் சேரும் என்பதை, கருவியை வாங்குவோர், வைக்கும் இடம், பேசும் மொழி, பயிலும் பிள்ளைகள் ஆகியன தீர்மானிக்கும். 1872இல் தோட்டத் தொழிலாளருக்கென வகுத்த வைத்திய ஏற்பாடு அவர்களைப் பொதுமக்களினின்று பிரித்தே வைத்தது. இன்று இரத்தினபுரியில் எழுந்துள்ள வைத்தியக் கல்வி அப்பிரிவினையை ஒழிக்குமா, புதிய உருவில் தொடருமா என்பதை அடுத்த இருபதாண்டுகளில் அப்பீடத்திலிருந்து வெளியேறும் வைத்தியரின் பெயர்ப்பட்டியலும், கொடகவெலவைச் சூழ்ந்த லயங்களிலிருந்து சென்று நலமாய்த் திரும்பியோரின் கணக்கும் காட்டும். அவ்விரண்டையும் தொடர்ந்து பதிவுசெய்து ஆராய்தல் நம் பல்கலைக்கழகங்களின் கடனாகும்.